மாக் சூ திருப்பிவிட்ட புள்ள

அந்த நாற்காலி வேணாம்க்கா, அதுக்கு ஒரு கால் ஆடும். நீங்க சோபாவுல உக்காருங்க. நான் இப்படியே தரையில முட்டி போட்டுக்கிட்டுப் பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உக்காந்தா விலாவுல குத்துது, படுத்தா மூச்சு முட்டுது. இப்படி மாடு மாதிரி நாலு கால்ல நின்னாதான் கொஞ்சம் ஆசுவாசமா இருக்கு. எம்மவ பிரவீனா இதப் பாத்தா உடனே முதுகுல ஏறிக்குவா. மூணு வயசு ஆவுது, நான் அவளுக்குக் குதிரைன்னு முடிவே பண்ணிட்டா.

டோரிஸ்னுதானே சொன்னீங்க பேரு? நான் சாந்தினி. கூலாயிலேர்ந்து பண்டார் தெங்காரா வரைக்கும் நீங்களே காடி ஓட்டிக்கிட்டு வந்தீங்களா, இந்த வயித்தோட? லாரி எல்லாம் செம்பனக் குலைய ஏத்திக்கிட்டுக் கண்ணு மண்ணு தெரியாம வருவானுங்களே. தைரியந்தான்க்கா உங்களுக்கு.

ஆமா அத்தை, அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். மாக் சூ கதைதான். காப்பிக்கு சீனி கம்மியா போடுங்க, அக்காவுக்கு இனிப்புத் தண்ணி வியாதி இருக்காம்.

அவங்கதான் என் மாமியார், ராசம்மா. உங்கம்மாவப் பசார்ல புடிச்சி வச்சி, எம்மருமவளுக்கு உக்காந்திருந்த புள்ளய மருத்துவச்சி மாக் சூ ஒரே நீவுல திருப்பிவிட்டாங்கன்னு சொன்னது இவங்கதான். உங்கம்மாவுக்கு மட்டும்னு நெனச்சிடாதீங்க. மீன் கடை, கோழிக் கடை, கோயில், எங்க வீட்டுக்காரரோட ஃபேக்டரி கூட்டாளிங்க வரைக்கும் தெரியும். எம்புள்ள பொறக்கிறதுக்கு முன்னாடியே பேரு வாங்கிடிச்சி.

உங்களுக்கும் அதேதானா? தல மேல, குண்டி கீழ. எத்தனாவது மாசம்? எட்டு இப்பதான் ஆரம்பமா? அப்ப உள்ள எடம் இருக்குமேக்கா. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி எங்கிட்ட என்ன சொன்னாங்கன்னா, எட்டுல இப்படி உக்காந்திருக்கிற புள்ளைங்க நெறைய தானாவே கரணம் போட்டுக்குமாம். எனக்குதான் ஒம்போது முடியப் போவுது.

நான் என்னென்ன பண்ணேன்னு கேட்டா சிரிப்பீங்க. யாரோ ஃபோன்ல அனுப்புனாங்க, மேல குளிர்ச்சியா வச்சா புள்ள கீழ நகருமாம். ஐஸ் பெட்டியில இருந்த ரொட்டிச் சானாய் பாக்கெட்ட எடுத்து நெஞ்சுக்குக் கீழ வச்சிக்கிட்டுப் படுத்தேன். புள்ள அசையவே இல்ல. ரொட்டிதான் எளகிப் போச்சி, அன்னைக்கு எல்லாருக்கும் ரொட்டி சுட்டுக் குடுத்துட்டேன். அப்புறம் வயித்துக்குக் கீழ ஃபோன வச்சி பாட்டுப் போட்டேன், சத்தம் கேட்டு எறங்கி வருமாம். நம்ம வீட்டுப் புள்ளதானே, பாட்டு மேலயே கேக்குதுன்னு அங்கயே உக்காந்துக்கிச்சி.

இருங்க.

ம். ஒன்னுமில்ல, விட்டுடிச்சி. வயிறு இறுக்கிப் புடிச்சி விடுது, காலையிலேர்ந்தே. பொய் வலின்னு சீரகத் தண்ணி போட்டுக் குடுத்தாங்க அத்தை. நீங்க காப்பி குடிங்க.

மாக் சூவா? நல்ல மாதிரிக்கா, அவங்களக் கொற சொல்லவே முடியாது. மலாய்க்காரம்மா, அந்தக் கம்பத்து ஊருல பாதி பேரப் பிரசவத்துல அவங்க கையாலதான் வாங்கியிருப்பாங்க. கை ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கும். தேங்காண்ணெய சூடு பண்ணி, பிஸ்மில்லான்னு ஆரம்பிச்சாங்க. மொதல்ல நல்லாத்தான் இருந்திச்சி. அப்புறம் புள்ளயோட முதுகத் தேடிப் புடிச்சி ஒரு தள்ளு தள்ளுனாங்க பாருங்க, எனக்கு எங்கம்மா மொகம், செத்துப் போன எங்கப்பா மொகம் எல்லாம் ஒன்னா வந்து போச்சி. கையில அத்தையோட கை இருந்திச்சி, அதக் கடிச்சிட்டேன். இன்னும் தழும்பு இருக்கு, கேளுங்க, காட்டுவாங்க.

காட்டிட்டீங்களா அத்தை. போதும், உள்ள வைங்க. அடுப்புல என்னமோ கொதிக்குது, போயிப் பாருங்க.

அப்புறம் மாக் சூ வயித்தத் தடவிப் பாத்துட்டு, திரும்பின மாதிரிதான் இருக்கு, எதுக்கும் போயி ஸ்கேன் பாத்துக்கன்னு சொன்னாங்க. ஸ்கேன்னு சொன்னது அத்தை காதுல விழல. திரும்பிடிச்சிங்கிறது மட்டும் விழுந்திடிச்சி. நானும் அந்த நேரத்துல, ஆமா, லேசா இருக்குன்னு சொன்னேன். வலிய நிறுத்தினாலே லேசாத்தானே இருக்கும்.

அன்னைக்கே எங்க அத்தை அவங்க பழைய சேலயக் கிழிச்சி வயித்தச் சுத்திக் கட்டிட்டாங்க. திரும்பின புள்ள மறுபடி ஏறிடக் கூடாதாம். இந்தா, இந்தத் துணிதான். தெனமும் குளிச்சதும் அவங்களே கட்டுவாங்க. கட்டும்போது நான் வயித்த உப்பிக்குவேன், அப்புறம் விட்டா ஒரு வெரல் எடம் கெடைக்கும். இப்ப அதயும் கண்டுபுடிச்சிட்டாங்க.

போய்ட்டு வாங்க அத்தை. வாழப்பழம் பிசாங் மாஸா பாத்து வாங்குங்க. பிரவீனா, ரோட்டுல கையப் புடிச்சிக்கிட்டுப் போவணும், என்னா. ஆமாமா, அக்காவ நாலு மணிக்கு மாக் சூ வீட்டுக்கு அனுப்பிடுறேன்.

போய்ட்டாங்க. சீனன் கடையில பேச்சுக் குடுத்தா அரை மணி ஆவும்.

தலையில துணி கட்டியிருந்தாங்களே, பாத்தீங்களா? நீங்க கேக்கல, ஆனா பாத்தீங்க. சீக்குன்னு நெனச்சிருப்பீங்க, எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. மொட்டை. புள்ள திரும்பினா முடி குடுக்கிறேன்னு மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாங்க. புள்ள பொறந்தாதானே குடுப்பாங்க, ஊர் வழக்கமே அதுதானே. இவங்களுக்குப் பொறுக்கல. மாக் சூ வீட்டுலேர்ந்து வந்த மறுநாளே காலையில போயி எறக்கிட்டு வந்துட்டாங்க. எவ்வளவு முடி தெரியுமாக்கா. கொண்ட போட்டா கழுத்து தெரியாது. வாசல்ல வந்து நின்னாங்க, எனக்கு அடையாளமே தெரியல. பிரவீனா அழுதுட்டா. இவங்க சிரிச்சிக்கிட்டே நின்னாங்க.

அப்ப நான் என்னத்தச் சொல்றது, சொல்லுங்க.

ஏன் இவ்வளவு பயம்னா, அவங்களுக்கு மொதப் புள்ள கால் பக்கமா வந்திடிச்சி. தோட்டத்துல இருந்த காலம், லயத்து வரிச வீட்டுலயே வலி. ஒடம்பு வந்திடிச்சாம், தல வரலியாம். அதுக்கு மேல சொல்ல மாட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது, தாந்தான் மூத்த புள்ளன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. மொட்டை போட்ட அன்னைக்கு சாயங்காலம் எனக்குத் தல வாரி விட்டுக்கிட்டே சொன்னாங்க. ஒனக்கு அப்படி ஆவாதுடி இனிமேன்னாங்க. அன்னைக்கு சோத்த ரெண்டு தட்டு போட்டுச் சாப்புட்டாங்க. நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அவங்க ரெண்டாவது தடவ போட்டுச் சாப்புட்டு நான் பாத்ததில்ல.

இருங்கக்கா. கையக் கொஞ்சம் குடுங்க.

ம்ம்.

போச்சி. இல்ல, கடிக்க மாட்டேன், பயப்படாதீங்க.

ஆஸ்பத்திரியிலயா? நாள் குடுத்திருந்தாங்க. டாக்டரே ஸ்கேன் பாத்துக்கிட்டு மெதுவா திருப்பிப் பாப்பாராம், முடியலன்னா ஆப்பரேஷனாம். போன வாரம். நான் துணிமணி எல்லாம் எடுத்து வச்சேன். அத்தை பைய எடுத்து உள்ள வச்சிட்டாங்க. திரும்பின புள்ளய ஏன் போயி அமுக்கக் குடுக்கிறே, மறுபடி பொரண்டுடும்னாங்க. கோவமா சொன்னா சண்ட போட்டுட்டுப் போயிருப்பேன்க்கா. ஆசையா சொல்றாங்க. இந்த வீட்டுல கிரில்லுக்குக்கூட பூட்டுப் போடல பாத்தீங்களா? புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டப் பூட்டக் கூடாதாம். கதவு தெறந்துதான் கெடக்கு. நான்தான் வாசலத் தாண்ட முடியாம இருக்கேன்.

அவரா? சிங்கப்பூர்ல. சனிக்கெழமதான் வருவாரு. வேலைக்கு ஏறிட்டா ஃபோன லாக்கர்ல வச்சிடணும், ஆறு மணிக்கு மேலதான் எடுப்பாரு. எடுத்தாலும், அம்மாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடிச்சின்னு சிரிப்பாரு. அவரும் சந்தோசமா இருக்காருல்ல. ஆம்புலன்ஸ் நம்பர காலையில அமுக்கிட்டு அமுக்கிட்டு வச்சிட்டேன். சைரன் சத்தத்துல அத்தைக்கு விசயம் தெரிய வேணாமேன்னு.

நீங்க நாலு மணிக்கு மாக் சூகிட்ட போவ வேணாம்க்கா. அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க உங்க கிளினிக்குக்குப் போயிப் பாத்துக்குங்க. உங்கம்மா திட்டுனா என் பேரச் சொல்லுங்க.

ஏன்னா, இந்த முடிச்ச அவுத்து விடுங்க, எனக்குப் பின்னால கை எட்டல. ஆங். இப்ப கையக் குடுங்க. இங்க, நெஞ்சுக்குக் கீழ, வலது பக்கமா. அழுத்துங்க, ஒன்னும் ஆவாது. கெட்டியா உருண்டையா இருக்கா? தள்ளுனா அது மட்டும் தனியா ஆடுதுல்ல?

அதான்க்கா தல.

மாக் சூ கை வச்ச அன்னைக்கு சாயங்காலமே எனக்குத் தெரியும். ஒத சரியா மூத்திரப் பையில விழுந்திச்சி, முன்ன எப்படியோ அப்படியே. அத்தை ஃபோன்ல அவங்க தங்கச்சிக்கிட்ட சொல்லிச் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க. முடிக்கட்டும், சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த ஃபோன் போட்டாங்க. விடிஞ்சதும் கோயிலுக்குப் போய்ட்டாங்க.

இந்த வலியும் பொய் வலி இல்லக்கா. பிரவீனாவுக்கு வந்த அதே வலி, எனக்குத் தெரியாதா. அப்ப வந்த மாதிரியே முதுகுலேர்ந்து கெளம்பி வருது. நீங்க வாசல்ல காடிய நிறுத்துறதப் பாத்ததும்தான் எனக்கு மூச்சே வந்திச்சி.

கூலாய் ஆஸ்பத்திரிதான். உங்களுக்குப் போற வழிதானே. பின் சீட்டுல நான் இப்படியே முட்டி போட்டுக்கிட்டு வரேன், சீட்ட அழுக்காக்க மாட்டேன், துண்டு எடுத்துக்கிறேன். போவும்போது ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் போட்டு, கால் பக்கமா இருக்கு, வலி வந்திடிச்சின்னு சொல்லிடுங்க. அத்தைக்கு நான் சொல்லிக்கிறேன். திரும்பல அத்தைன்னு சொல்லணும், அந்த ஒரு வார்த்ததான் வாயில வர மாட்டேங்குது. நீங்க ஓட்டுங்க, நான் அதுக்குள்ள சொல்லிப் பழகிக்கிறேன்.

எழுப்பி விடுங்க. மெதுவா, மெதுவா. ஆங்.

வாசப்படிகிட்ட நீலச் செருப்பு இருக்கு பாருங்க, அத இப்படித் தள்ளி, கால்ல கொஞ்சம் மாட்டி விடுறீங்களா? எனக்குக் குனிய வரல.

அலமாக், உங்களாலயும் குனிய முடியாதுல்ல. விடுங்க, வெறுங்காலோடயே வரேன்.