நகம் பட்ட காம்பு

— “எப்ப வர்ற?”னு போன தடவ உன்ன ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதுக்கு நீ என்ன சொன்ன? சொல்லு பாக்கலாம்.

— நீங்க குடுத்த மாமரம் காய்க்கட்டும் மாமான்னு சொன்னேன்.

— சொன்னியா? காய்ச்சுதா?

— இல்ல மாமா.

— அதுக்கு முந்தின தடவ?

— அப்பவும் அதேதான் சொன்னேன்.

— டேய் தம்பி, வந்ததும் வராததுமா புள்ளய ஏன்டா கூண்டுல ஏத்தி விசாரிக்கற? செருப்பக் கூட கழட்டல. உக்காரு, காபி போடறேன்.

— உக்கார நேரமில்லக்கா. வண்டி நிறைய மரக்கன்னு நிக்குது, வெயில் ஏறினா அத்தனையும் துவண்டுரும். தெருவ வேற அடைச்சு நிறுத்திட்டு வந்திருக்கேன். காபி வேணாம், பதில் வேணும். என் நர்சரியில ஒட்டுக் கட்டற ஆள் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். இன்னிக்கு இவ வந்தா அந்த இடம் இவளுக்கு. இல்லன்னா சாயங்காலம் வேற ஒருத்தனுக்கு வாக்குக் குடுத்துருவேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் என்னக் குத்தம் சொல்லக் கூடாது.

— இன்னிக்கேவா மாமா?

— இல்ல, நீ பேரன் பேத்தி எடுத்ததும்! இன்னிக்குத்தான் பாப்பா. உன் அத்தை மாடி ரூம ஒழிச்சு, ஜன்னலுக்குத் திரை கூட போட்டுட்டா.

— அங்க... கன்னு வாங்க வர்றவங்ககிட்ட நான் பேசணுமா?

— முன்னால பேச என் மச்சினன் இருக்கான். அவன் பேச்ச நிறுத்தத்தான் ஆள் தேடிட்டு இருக்கேன். உனக்கு வேலை பின்னால ஷெட்டுல.

— ஷெட்டுல நான் மட்டுமா?

— அது எப்படி? பையில மண்ணு ரொப்பற பொம்பளைங்க ஒரு கூட்டமே இருக்கு. அவங்களுக்கு வாயில வெத்தல இல்லாத குறைதான். சிரிப்பும் கும்மாளமுமா பொழுது போறதே தெரியாது.

— நான் செடிக்குத் தண்ணி விட்டுட்டு வரேன்.

— இப்பத்தான்டி விட்ட. கொய்யாவுக்குக் கீழ குளமே நிக்குது. ஒரு இடத்துல நில்லேன்டி!

— எங்க நிக்கறா? நான் வந்ததுல இருந்து பாக்கறேன், வாளிய எடுக்கறா, வைக்கறா. துடைப்பத்த எடுக்கறா, வைக்கறா. காலுல சக்கரம் கட்டின மாதிரி. சரி வா பாப்பா, தோட்டத்துக்கே போவோம். அங்கன்னாத்தான் நீ வாயத் தொறப்ப. அக்கா, நீயும் வா.

— தோட்டமாம் தோட்டம். நாலு துணி காயப்போட இடமில்லாம பண்ணி வச்சிருக்கா. தலையக் குனிஞ்சு வாடா, பப்பாளி இடிக்கும்.

— அட! போன தடவ முழங்கால் உசரம் இருந்துச்சு. இது என்ன, சீத்தாவா?

— முள்சீத்தா மாமா. விதை போட்டது. டிரம்ல இருக்கறது சப்போட்டா, அத நான் வேணும்னுதான் தரையில வைக்கல. வேர் அந்தத் துவைக்கற கல்லத் தூக்கிடும். பப்பாளியில ஆண் மரம் ஒண்ணு வந்துச்சு, வெட்டல. மத்ததுக்கு மகரந்தம் வேணும்ல? அப்புறம் இந்தக் கொய்யாவப் பாருங்க, ஒரே மரந்தான். இந்தக் கிளைய வெட்டிப் பாத்தா உள்ள சிவப்பு, அந்தக் கிளை வெள்ளை. அது நான் ஒட்டினது. ஒட்டு போட்ட இடம் தெரியுதா?

— தெரியலியே.

— தெரியாது. அப்படிக் கட்டினேன்.

— கேட்டியாக்கா? தெருவுல யாராச்சும் பேரக் கேட்டா தரையப் பாக்கற மௌனச்சாமி, இங்க வந்தா மூச்சு விடாம பேசறா. இந்தக் கைய வச்சுகிட்டு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கறாளே! என்கிட்ட வேலை செஞ்சவன் கட்டின ஒட்டெல்லாம் முட்டி வீங்கின காலு மாதிரி இருக்கும்.

— பெருமையெல்லாம் போதும். கண்ணு பட்டுடப் போகுது.

— அதெல்லாம் சரி. எலுமிச்ச காய்க்குது, கொய்யா காய்க்குது, டிரம்ல இருக்கற சப்போட்டா கூட காய்க்குது. நான் குடுத்த ஒட்டு மா மட்டும் ஏன் சாமியார் மாதிரி நிக்குது? இந்தத் தெருவுல நுழையறப்பவே பாத்தேன், ஒவ்வொரு வீட்டு மாமரமும் கிளைய முட்டுக் குடுத்து நிறுத்தற அளவுக்குத் தொங்குது.

— பூ வருது மாமா. நிக்க மாட்டேங்குது.

— உதிருதா?

— ம்.

— தத்துப்பூச்சியா? சாம்பல் நோயா?

— தெரியல.

— உனக்கா தெரியல? எலுமிச்ச இலையில ஒரு புள்ளி விழுந்தா என்னத் தூங்க விடாம போன் பண்ற ஆளு நீ.

— போன்ல பேசினது அம்மா.

— அட ஆமா! நீ பக்கத்துல நின்னு ஓதிக்குடுப்ப, உங்கம்மா ஒப்பிப்பா. “இலைக்கு அடியில வெள்ளையா மாவு மாதிரி இருக்காம், இருக்காம்”னு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

— விடுடா தம்பி. இந்த மண்ணு அதுக்கு ஒத்துக்கல போல. காய்க்காத மரம் உலகத்துல இல்லையா?

— நான் குடுத்த கன்னு காய்க்காதுன்னா நாளைக்கு நான் கடைய மூட வேண்டியதுதான். அந்த ஸ்டூல இழு.

— வேணாம் மாமா, செவ்வெறும்பு கூடு கட்டியிருக்கு.

— எறும்புக்குப் பயந்தா நகைக்கடையில்ல வச்சிருப்பேன்! அக்கா, ஸ்டூலக் கெட்டியாப் பிடி, ஆடுது. அந்தக் கிளைய வளைச்சுக் குடு பாப்பா. இன்னும் கொஞ்சம். ஏன் கிளைய விடற?

— விடல மாமா.

— பாப்பா. இங்க வா. இந்த நுனியப் பாரு. இது என்ன?

— காஞ்ச காம்பு.

— பூ வந்த காம்பு. பூ தானா உதிர்ந்தா காம்பு முழுசா, நீளமா, விளக்குமாத்துக் குச்சி மாதிரி நிக்கும். நோய் வந்தா கருகித் தொங்கும். இது என்னன்னா, அடியோட மொட்டையா இருக்கு. இதுவும் அப்படித்தான். இதோ, இதுவும். அந்த உச்சிக் கிளையில மட்டும் ஒண்ணு ரெண்டு குச்சி நீளமா நிக்குது. ஏன்னா அது கைக்கு எட்டாது.

— அணிலா இருக்கும்டா. எந்நேரமும் இங்கதான் ஓடுது.

— அணில் கடிச்சா நார் நாரா பிஞ்சு நிக்கும்க்கா. இது நகம் பட்ட காம்பு. பெருவிரல் நகத்த வச்சு அழுத்திக் கிள்ளினது. தினமும் நான் பாக்கற வேலை, எனக்குத் தெரியாதா?

— பக்கத்து வீட்டுப் பசங்க...

— மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கு. அதத் தாண்டி வர்ற பய மாங்கா திருடுவான். பூவையா திருடுவான்?

— மாமா, கன்னா இருக்கறப்ப பூவக் கிள்ளிடணும்னு நீங்கதான சொன்னீங்க?

— நான்தான் சொன்னேன். இடுப்பு உசரத்துல இருக்கறப்பவே காய்க்க விட்டா மரம் தேறாது, வளரட்டும், கிள்ளுன்னு சொன்னேன். நீயும் கிள்ளின. அது அப்ப. இப்ப இது உன்ன விட உசரம், என்ன விட உசரம். இப்பவும் யாரு கிள்ளறது?

— வெளிய ஹாரன் அடிக்கறாங்க மாமா. உங்க வண்டிக்குத்தான்.

— அடிக்கட்டும். இதோ வந்துட்டேன் சார்! கொஞ்சம் பொறுங்க! ஏன்க்கா, இந்த வீட்ல உங்க ரெண்டு பேர விட்டா ஒரு பூனை கூட இல்ல. மரம் காய்ச்சா இவ என்கூட வந்துருவா. அப்ப மரம் காய்க்கக் கூடாது. இப்படி ஒரு புத்தி யாருக்குத் தோணும்?

— என்ன ஏன்டா பாக்கற?

— உன்னைத்தான் பாக்கறேன்.

— மாமா, நான் சொல்றேன். அது வந்து... பூவ...

— நீ வாய மூடு. நான்தான்டா கிள்ளினேன்.

— அம்மா!

— மூடுன்னு சொன்னேன்ல? ஆமாடா தம்பி, நான்தான். அவ குளிக்கப் போற நேரத்துல துணி காயப்போட வருவேன். கைக்கு எட்டினத எல்லாம் கிள்ளி, முந்தானையில முடிஞ்சுட்டுப் போய் குப்பையில கொட்டிருவேன். போதுமா?

— எப்படிக்கா உனக்கு மனசு வந்துச்சு?

— வந்துச்சு. நான் இருமினா என்னன்னு கேக்க ஒரு ஆள் வேணாமா எனக்கு? இவளும் போயிட்டா நான் யாரோட பேசறது, இந்தச் சுவத்தோடயா?

— வேலியே பயிர மேஞ்ச கதையால்ல இருக்கு! ஊர்ல இருக்கற தாயெல்லாம் புள்ள முன்னுக்கு வரணும்னு கெடயாக் கெடக்கறாங்க. நீ பூவக் கிள்ளி முந்தானையில முடியற. அன்னிக்கும் இப்படித்தான் பண்ணின. பள்ளிக்கூடத்துல எழுந்து நின்னு பாடம் வாசின்னாங்க, இவளுக்குக் குரல் வரல, கிளாஸே சிரிச்சுது, இனிமே போக மாட்டேன்னு வந்து மூலையில உக்காந்தா. நீ கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் விட்டிருக்கணும். “சரி, இருடி”ன்ன.

— ஆமா. “இருடி”ன்னுதான் சொன்னேன்.

— அதோட முடிஞ்சு போச்சு அவ படிப்பு.

— முடிஞ்சு போச்சு. அதத்தான் நானும் தினமும் நெனைக்கறேன். நீ எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல.

— மாமா, அம்மாவத் திட்டாதீங்க. அம்மா மேல ஒண்ணும்...

— இப்ப வந்து அம்மாவுக்கு வக்காலத்து வாங்கறியா? நல்லா வாங்கு. கேட்டல்ல, உங்கம்மா வாயாலயே சொல்லிட்டா. இனிமே இந்த மரத்த நம்பி உக்காந்தா உனக்கு நரைதான் காய்க்கும். மரத்த விடு. நீ சொல்லு. வர்றியா, இல்லையா?

— அம்மா, நீ ஏம்மா இப்படி...

— என்னத்த ஏம்மா? கட்டிலுக்கு அடியில பெட்டி இருக்கு. துணிய எடுத்து வை. ஒட்டுக் கட்டற கத்திய மறந்துராத, அது ஜன்னல் கட்டையில இருக்கு. துணியச் சுத்தி எடுத்துட்டுப் போ, கையக் கிழிக்கும்.

— நான் போயிட்டா இதுக்கெல்லாம் தண்ணி யாரு விடுவா?

— எனக்கென்ன கை முடமா?

— உனக்குத் தெரியாதும்மா. முள்சீத்தாவுக்கு இலையில படாம ஊத்தணும். மாவுக்கு, பூ வர்றதுக்கு முன்னால தண்ணியவே நிறுத்தணும். இலை கொஞ்சம் வாடும், பாவமா இருக்கும். பாத்துட்டு மனசு கேக்காம ஊத்திடக் கூடாது.

— ஊத்த மாட்டேன்.

— நீ ஊத்திருவ.

— பாவம் பாத்துப் பாத்து என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்டி. ஊத்த மாட்டேன். போ.

— அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— அங்க போய்ச் சேந்ததும் போன் பண்ணிச் சொல்லு. உன் வாயால சொல்லு. யாரையும் பக்கத்துல நிக்க வச்சு ஓதிக்குடுக்காத. போடி, உங்க மாமா வண்டிய எவனாச்சும் உருட்டிட்டுப் போயிரப் போறான்.

— உள்ள போயிட்டா. பெட்டிய எடுக்கப் போனாளா, கதவச் சாத்திக்கப் போனாளா?

— பொறுடா.

— எனக்கு நேரமாவுதுக்கா. ஐயோ, எறும்பு! காலர் வழியா உள்ள போயிருச்சு. முதுகுல, முதுகுல தட்டு!

— நல்லா வேணும். இதோ, விழுந்துருச்சு. ஏன்டா, உன் வீட்டு மாடி ரூம்ல காத்து வருமா? ராத்திரி விளக்கு அணைச்சா பயப்படுவா. ஒரு சின்ன விளக்காச்சும் எரியணும்.

— எல்லாம் எரியும். பூவக் கிள்ளறப்ப வராத கரிசனம் இப்ப வருதா?

— அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லி வை. முதல் நாளே கேலி கிண்டல்னு ஆரம்பிக்க வேணாம். அவளா ஒரு வார்த்தை சொல்றதுக்குக் கொஞ்சம் நாளாகும்.

— சொல்லி வைக்கறேன். ஆனா ஒண்ணுக்கா, இத நான் மறக்க மாட்டேன். பெரியவளாச்சேன்னு பாக்கறேன், இல்லன்னா இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

— கேளு. கேட்டுட்டுப் போ. என் காது என்ன தேஞ்சா போயிரும்? உள்ள சத்தமே காணோமே. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்தச் சந்து வழியா எட்டிப் பாரு.

— வாசக் கதவு தொறந்திருக்கு.

— அப்ப?

— அக்கா, அவ போறா. பெட்டியோட. தெருவுல ஹாரன் அடிக்கறவன் என்னமோ கேக்கறான் அவள.

— தலையக் குனிஞ்சுகிட்டாளா?

— இல்ல. கைய நீட்டி இந்தப் பக்கம் காட்டறா. மாமா இதோ வந்துருவாருன்னு சொல்றா போல. வண்டிக் கதவத் தொறந்துட்டா. ஏறிட்டா. முன் சீட்டு.

— திரும்பிப் பாத்தாளா?

— பாக்கலக்கா. மடியில பெட்டிய வச்சு, ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுகிட்டு, நேரா பாத்து உக்காந்திருக்கா. பெத்தவகிட்ட “போயிட்டு வரேன்”னு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளே! கோவம் இருக்காதா பின்ன, நீ பண்ணின காரியத்துக்கு?

— கோவம் இல்லடா. பூவக் கிள்ளினது அவதான். அது எனக்குத் தெரியும்ங்கறது அவளுக்கு இன்னிக்குத்தான் தெரியும்.