பராமரிப்பே வேண்டாத வாசல்

உங்கள் ஸ்டேஷன் ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு யாரோ அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஐயா. வேர் அழுகிவிட்டது. அன்பாகக் கவனித்தே கொன்றிருக்கிறார்கள். கண்ணில் பட்டது, சொன்னேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டு முன்புறங்களை வடிவமைப்பது என் தொழில். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பல்லவிதான். வாசல் அழகாக இருக்க வேண்டும், ஆனால் கையில் மண் ஒட்டக்கூடாது. புல்லைப் பெயர்த்து, களை முளைக்காதபடி துணி விரித்து, கூழாங்கல்லைக் கொட்டி, நாலு கற்றாழை நட்டுக் கொடுப்பேன். வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

என் வீட்டு முன்புறம் மட்டும் காடாகக் கிடந்தது. அது அண்ணனின் ராஜ்ஜியம். பத்து வருஷத்துக்கு முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. ஆனாலும் தினமும் காலையில் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை தனியாகப் போய் வருவார். இடது கை செம்பருத்தி வேலியைத் தடவிக்கொண்டே போகும். வலது கால் செங்கல் வரம்பை உரசும். வேலி முடிகிற இடத்தில் கேட்.

"கண்ணிருக்கிறவனே தடுக்கி விழறான், உங்க அண்ணனைப் பாருங்க" என்று எதிர்வீட்டுக்காரி என்னிடமே சொல்வாள். ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இவ்வளவு கைதட்டல். பொறாமை என்று எழுதாதீர்கள், ஐயா. எனக்கு இருந்தது இளக்காரம்.

போன மாதம் பேச்செடுத்தேன்.

"வேலிய எடுத்துட்டா எனக்கு வழி எப்படிடா தெரியும்?"

"நேரா நடங்கண்ணா. அவ்வளவுதான்."

வேலியின் இலை ஒன்றை விரலால் நீவினார். "சரி. நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

இப்படி நம்புகிறவரை என்னவென்று சொல்வது.

வேலியை வேரோடு பிடுங்கினேன். செங்கல் வரம்பைப் பெயர்த்தேன். கேட் இருந்தால் எண்ணெய் போட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அதையும் கழற்றினேன், அண்ணனிடம் சொல்லவில்லை. கூழாங்கல் போடவில்லை, அது காலடியில் சத்தம் போடும். படியிலிருந்து சாலை வரை ஒரே மட்டமாகச் சிமென்ட் தளம். சாலையும் சிமென்ட்தான். வீடு எங்கே முடிகிறது என்று கண்ணுக்கு மட்டும் தெரியும்.

தண்ணீர் லாரி ஓட்டுநரை விட்டுவிடுங்கள், அவன் மேல் தப்பில்லை. அண்ணன் கூடையோடு நடுச்சாலையில் நின்று, இடது கையை நீட்டிக் கேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். தொழிலில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. தளம் காய்ந்த அன்று நானே கண்ணை இறுக மூடிக்கொண்டு படியிலிருந்து மூன்று முறை நடந்து பார்த்தேன். மூன்று முறையும் நடுச்சாலையில்தான் கண்ணைத் திறந்தேன். அதன் பிறகுதான் உள்ளே போய், வேலை முடிந்துவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன்.