டேபிளைத் தொடாத பயிற்சி

ஓமலூரிலிருந்து சேலம் வந்த டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த ஓர் அம்மா பக்கத்துப் பெண்ணிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அவர் மகள்.

"டேபிள் டென்னிஸ் கத்துக்கட்டும்னு சேர்த்தா, கோச்சு இவளை டேபிளையே தொட உடமாட்டேங்கறாருங்க. எந்நேரமும் ஸ்கிப்பிங், குதி, பக்கவாட்டுல ஓடு! ஊட்டுலயும் நண்டாட்டந்தான் நடக்கறா. இன்னிக்கு நேராக் கேட்டுப்போட்டு, நிறுத்திடப்போறேன்."

மகள் திரும்பினாள். "கேக்காதம்மா. போன மேட்ச்சுல கடைசில காலு நடுங்கிப்போச்சு. பந்து போறதைப் பாத்துட்டே நின்னேன். முதல்ல காலைச் சரிபண்ணுங்கன்னு நாந்தான் அவருகிட்டச் சொன்னேன்."

"இதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க பேச உட்ட?"

சூரமங்கலம் வந்தது. மகளின் பையை அம்மாவே தூக்கிக்கொண்டார்.

"இறங்கு சாமி, நேரமாச்சு. நான் வெளியவே உக்காந்திருக்கேன்."