செவ்வாயில் ஒரு மணப்பெண்

நீட்டிப் பேசினால் மணியடிப்பேன் என்று என்னை மிரட்டிவிட்டு இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஹோர்டென்ஸ் அம்மையார் அவர்களே, டூசான் நகரத்துப் பெரியோர்களே, இந்த வெயிலிலும் குடும்பத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, செவ்வாய்க் கிரகத்துப் படங்களில் கதவைக் கண்டவர்களே, கரடியைக் கண்டவர்களே, எங்களைப் போல வெறும் கல்லை மட்டுமே கண்டவர்களே, உங்கள் அனைவருக்கும் டெல்ஃபினா உர்க்கிடெஸின் வணக்கம்.

செவ்வாயைச் சுற்றிவரும் செயற்கைக்கோள் அனுப்புகிற படங்களைப் பார்த்துப் பொருள் சொல்வது என் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரார் கண்டெடுத்து அனுப்பிய வினோதங்களைச் சுவரில் காட்டுவோம். இன்னதென்று சொன்னவருக்குத்தான் சுடச்சுடப் பர்ரிட்டோ ரொட்டிச் சுருள். சொல்லாதவர் பட்டினி. சிரிக்கிறீர்களா? பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்களுக்கோ அப்போதுதான் அறிவே வரும்.

அங்கே ஒரே ஒரு சட்டம். எதைக் காண ஆசைப்படுகிறாயோ, அதைக் கண்டதாகச் சொல்லாதே. முகமா? நிழல். கதவா? பிளந்த பாறை. கரடியா? இரண்டு குழி, ஒரு மேடு.

ஒரு வெள்ளியன்று பள்ளிப் பேருந்து ஓட்டும் நோர்மா பலோமாரெஸ் ஒரு படத்தோடு வந்தார். முன்வரிசையில் கையாட்டுகிறாரே, அவரேதான். செம்மண் வெளியில் வெள்ளையாய் ஏதோ ஒன்று, வால் நீண்டு கிடந்தது.

"நல்லாப் பாருங்க, மணப்பொண்ணு. முக்காடு இழுபடுது," என்றார்.

கூடமே சிரித்தது. சிரிக்காதவர் ஆர்வில் டாக்கெட் ஒருவர்தான். 'காடை' என்ற சிறு விண்கலத்துக்குப் பாராசூட் வடிவமைத்தவர் அவர். செவ்வாயில் இறங்கும்போதே காடையின் பேச்சு நின்றுபோனது. பாராசூட் விரியாமல் கலம் நொறுங்கியிருக்கும் என்று விசாரித்தவர்கள் எழுதிவிட்டார்கள். அன்று குனிந்த தலையை அவர் நிமிர்த்தி நான் பார்த்ததில்லை.

"கேமராக் கோளாறு. அழிச்சிடுங்க," என்றார் ஆர்வில்.

"காடை எறங்க வேண்டிய எடத்துக்குப் பக்கம்தானே இது?" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன், டெல்ஃபினா. இது என் பாராசூட்டா இருக்கணும்னு மனசு கெடந்து அடிச்சிக்குது. அப்ப அது பாராசூட் இல்ல. அதானே நம்ம சட்டம்?"

நோர்மா விடவில்லை. "ஆசைப்பட்டதெல்லாம் பொய்யின்னா, பெரியவரே, என் புருஷனும் பொய்யாத்தான் இருக்கணும். அந்தாளு வீட்ல உக்காந்து தின்னுக்கிட்டிருக்காரு."

தாராளமாகக் கைதட்டுங்கள், அவர் கணவரும் வந்திருக்கிறார்.

அவையோரே, கோளாறு என்றால் அடுத்த படத்திலும் அதே இடத்தில் வருமா? பனி என்றால் கோடையில் நிற்குமா? பாறை என்றால் புரளுமா? காற்றுக்காலம் முடிந்ததும் அதே இடத்தை மறுபடி படமெடுக்கச் சொன்னோம். படம் வந்தது. வெள்ளை இருந்தது. மேற்கே கிடந்த வால் கிழக்கே திரும்பியிருந்தது! துணி ஐயா, துணி! விரிந்த துணி, சுமந்த துணி, சுமந்ததைப் பத்திரமாய் இறக்கிவிட்டுக் காற்றில் புரண்ட துணி! சற்றுத் தள்ளி ஒரு புள்ளி. புள்ளிக்கு நீளமாய் ஒரு நிழல். நொறுங்கிக் கிடப்பதற்கு அப்படி நிழல் விழுமா? காடை நின்றுகொண்டிருந்தது. அது ஏன் பேசவில்லை என்பது இன்றும் தெரியாது. ஆனால் முழுசாய் இறங்கியிருந்தது.

நோர்மா பர்ரிட்டோத் தட்டை ஆர்வில் பக்கம் நகர்த்தினார். "என்னன்னு சொல்லுங்க பெரியவரே. சொன்னாத்தானே சோறு? ஆறிப்போகுது பாருங்க."

ஆர்வில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"என்னோடது," என்றார்.

நோர்மா கண்டது மணப்பெண் இல்லை. நாங்கள் கண்டது கோளாறும் இல்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்று ஊருக்கே உபதேசம் செய்தோம். ஆசைக்கு அஞ்சுகிற அச்சமும் கண்ணை மறைக்கும் என்பதை மறந்தோம். ஆகவே கதவைக் கண்டவர்களே, கரடியைக் கண்டவர்களே, அனுப்புங்கள்! நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு, அழிக்கும் முன் இன்னொரு முறை பார்ப்போம்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆர்வில் டாக்கெட்டுக்கும் என் நன்றி, என் வணக்கம்.