இருமுறை இறங்கிய ஷட்டர்கள்

என் பேச்சு எங்கே போய் முட்டுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் கடைத்தெரு வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! முதுகு வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற நினைப்பைப் பாதி மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கறுப்புப் பட்டை கட்டிக் கொதித்து நிற்கும் இளைஞர்களே! என்னிடம் படித்தவர்களே, படிக்காமல் தப்பித்தவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒரு மனிதர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வாத்தியாருக்கே தெரியாத கேள்வியை வகுப்பில் கேட்பதுதானே முறை? அதனால் இங்கே கொண்டு வந்திருக்கிறேன்.

கேட்டவர் இறந்துபோன அந்தப் பெண்ணின் அப்பா. என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். வழக்கு நடந்த நாட்களில் அவருக்குத் துணையாக நானும் நீதிமன்றம் போய் வந்தேன். தீர்ப்பு நாளன்று குற்றம் சாட்டப்பட்டவரை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தார்கள். நாங்கள் பேருந்தில் திரும்பிக் கடைத்தெரு நிறுத்தத்தில் இறங்கினோம். செய்தி எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. தீர்ப்பைக் கண்டித்துக் கடையடைப்பு. ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டர்கள் கடகடவென்று இறங்கின. அவர் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், அன்னிக்கும் இதே சத்தம்தான் கேட்டிருக்குமா?"

அன்னிக்கு என்றால் எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பெண் கட்டட மேற்பார்வையாளர். அவள் வேலை பார்த்த கட்டடம் பாதியில் சரிந்தது, கூலியாட்கள் செத்தார்கள். தூண் தாங்காது என்று தான் முன்பே எச்சரித்ததை விசாரணையில் சொல்லப்போகிறேன் என்றாள். அப்படிச் சொல்ல அவள் உயிரோடு இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், இதே கடைத்தெருவில், கார் ஒன்று நின்றது, ஒருவன் இறங்கினான், இரும்புக் கம்பியால் அடித்தான். அடித்தவர் அந்தக் கட்டட ஒப்பந்ததாரரின் மைத்துனர் என்று காவல்துறை சொன்னது. ஆமா என்கிறீர்கள். நான் சொல்லமாட்டேன். நான் பார்க்கவில்லை.

அவள் கத்தினாள். தெரு கேட்டது. ஷட்டர்கள் இறங்கின.

அன்று பயத்தில் இறங்கிய ஷட்டர், தீர்ப்பன்று கோபத்தில் இறங்கியது. பயத்துக்கு ஒரு சத்தம், கோபத்துக்கு ஒரு சத்தம் என்று இருந்திருந்தால் நான் அந்த அப்பாவுக்குப் பதில் சொல்லியிருப்பேன். இருந்ததா ஐயா? தகரத்துக்குத் தெரியுமா தான் எதற்காக இறங்குகிறோம் என்று?

வேண்டாம், கைதட்டாதீர்கள். அவரை இந்தக் கூட்டத்துக்கு அழைத்தேன். "வரலை சார். கைதட்டுவாங்க. என்னால தாங்க முடியாது" என்றார். அவருக்காகவாவது கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

தீர்ப்பு சரி என்று சொல்ல நான் இங்கே ஏறவில்லை. புலனாய்வில் ஓட்டை இருந்தது. வாதத்தில் வேகம் இல்லை. திட்டுங்கள், உரிமை உண்டு. தீர்ப்பு வந்ததிலிருந்து நாம் சும்மாவா இருந்தோம்? கொடும்பாவி எரித்தோம், கோஷம் எழுப்பினோம், கடைகளில் மெழுகுவத்தி தீரும் அளவுக்கு ஏற்றினோம். தொலைக்காட்சியில் பேசினோம்; தொலைபேசியில் ஏசினோம். எல்லாம் செய்தோம். எப்போது செய்தோம்?

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்று கூரை அதிரும். 'சரி, எழுந்து வந்து பலகையில் எழுது' என்றால் மொத்த வகுப்பும் குனிந்து பெஞ்சுக்கடியில் பேனாவைத் தேடும். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டு அநேக நாள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

இந்தத் தெருவில் கேமரா இல்லாத கடை உண்டா? ஒரு குழந்தை மிட்டாயைத் தொட்டுவிட்டு வைத்தால்கூடப் படம் பிடிக்கிற கேமராக்கள். அன்று மாலை மட்டும் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் கண்வலி! ஒன்றுக்காவது பார்வை இருந்ததா? தலைவர் அவர்களுக்கு வியர்க்கிறது. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்புங்கள் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. உங்களை மட்டும் சொல்லவில்லை.

கடையடைத்த அன்றே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாதி இறக்கிய ஷட்டரை விட்டுவிட்டு ஒரு கடைக்காரர் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யார் என்று சொல்லமாட்டேன். அவர் இங்கேதான் இருக்கிறார். ஆறுதல் சொல்வதாக நினைத்து எல்லாவற்றையும் சொன்னார். காரின் நிறம் சொன்னார், இறங்கியவன் நடந்த விதம் சொன்னார், முகத்தையும் சொன்னார். நீதிமன்றத்தில் நான் உட்கார்ந்திருந்த எந்த நாளிலும் கேட்காத சேதி. அப்பா அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"இதை அங்க வந்து சொல்லலையே தம்பி?"

"எனக்கு ஒரு பொண்ணு இருக்குதே அண்ணே."

"எனக்கும் இருந்துச்சு."

அவ்வளவுதான். அந்தக் கடைக்காரரை நான் கெட்டவர் என்று சொல்வேனா? மாட்டேன். மகளை நினைத்துப் பயந்தவர். ஆனால் அடுத்தவர் மகளை நினைத்துப் பயப்பட யார் இருக்கிறார்கள் இந்தத் தெருவில்?

ஒருத்தி இருந்தாள். ஜெராக்ஸ் கடை நடத்தும் அம்மா. மற்றவர்கள் உள்ளே போன நேரத்தில் வெளியே ஓடி வந்து, அந்தப் பெண்ணின் தலையை மடியில் வாங்கியவர் அவர். சாட்சி சொல்ல வந்தவரும் அவர் ஒருவரே. எதிர்த்தரப்பு வக்கீல், அடித்தவன் முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். "இல்லைங்க. முதுகைத்தான் பார்த்தேன்" என்றார். பார்த்ததைச் சொன்னார், பார்க்காததைச் சொல்லவில்லை.

என்ன தம்பி, பின்னாலிருந்து? 'அவ விலை போயிட்டா' என்கிறீர்களா? உட்காருங்கள், பதில் சொல்கிறேன். விலை போக நினைத்தவர் கூண்டேறாமலே இருந்திருக்கலாமே, உங்களையும் என்னையும் போல? யார் அவரைத் தேடினார்கள்? யார் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள்? முகத்தைப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முதுகைப் பார்த்தவர் மூடாமல் பேசினார். தெருவின் தண்டனை யாருக்கு? இப்போது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவர் கடையைத் தாண்டும்போது 'இல்லைங்க, இல்லைங்க' என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை. இந்தக் கூட்டத்தின் துண்டுப்பிரசுரத்தைக்கூட அவர் கடையைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் நகல் எடுத்திருக்கிறீர்கள்.

தீர்ப்பின் பிரதி கைக்கு வந்தபோது, மேல்முறையீட்டுக்கு நகல் எடுக்க அப்பா நேராக அந்தக் கடைக்குத்தான் போனார். கூட நான் இருந்தேன். சண்டை வரும் என்று எதிர்க்கடைகளில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா எழுந்து நின்றார்; இயந்திரத்தைப் போட மறந்து காகிதக் கட்டைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். அப்பா காகிதத்தைக் கல்லாமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பதறாதம்மா. இந்தத் தெருவுலேர்ந்து நீ ஒருத்திதானே வந்தே."

அந்த அம்மா நகல் எடுத்துக் கொடுத்தார். அழவில்லை. அப்பா படியிறங்கிய பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கடையைக் காலி பண்றேன் சார். இனிமே எங்க போனாலும், யாராச்சும் கத்தினா நானும் ஷட்டரை இறக்கிடுவேன்."

அன்பர்களே, அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. விடுதலையானவரைப் பார்த்துக்கூட நான் இவ்வளவு கலங்கவில்லை. ஊருக்கு இருந்த ஒரே சாட்சியை நாமே திருத்திவிட்டோம்! நம்மைப் போல ஆக்கிவிட்டோம்! நாளை நம் வீட்டுப் பிள்ளை நடுத்தெருவில் நின்று கத்தினால், எந்தக் கதவு திறக்கும்? எந்தக் கால் ஓடி வரும்? எந்த வாய் கூண்டேறிப் பேசும்?

நம்பிக்கை தரும்படி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னிடம் இருப்பு இல்லை. மேல்முறையீடு பற்றி வக்கீலைக் கேட்டேன். "சட்டியில இருந்தாத்தானே ஐயா அகப்பையில வரும்? அதே சாட்சியை வெச்சுக்கிட்டு நான் என்ன புதுசா பேசுறது?" என்றார். புதிதாக ஒருவர் வந்து, நான் பார்த்தேன் என்று சொன்னால், அவரை விசாரிக்கச் சொல்லி மனு போடலாமாம். ஏற்பார்களா என்பது தெரியாதாம். அந்த அப்பாவுக்கு மிச்சமிருப்பது அவ்வளவுதான். அவருக்கு நம் கோஷம் வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம், கண்ணீர் வேண்டாம். ஒரு வாய் வேண்டும். இத்தனை ஆயிரம் வாய் கூடியிருக்கும் இந்தத் திடலில், அந்த ஒரு வாய்க்கு நான் எங்கே போவேன்?

எழுந்து சொல்லுங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்கமாட்டேன். ஆபத்து எனக்கும் தெரியும். அவளும் பார்த்ததைச் சொல்ல நினைத்துத்தான் செத்தாள்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், கேட்கப் பிடிக்காததைப் பேசியும் ஒலிபெருக்கியை நிறுத்தாத தலைவர் அவர்களுக்கும் நன்றி. வணக்கம்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் வகுப்பை விட்டுப் பழக்கமில்லை. இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் ஒருவரை எதிரே உட்கார வைத்து, அன்று மாலை உங்கள் கண் பார்த்ததை மட்டும், பிறர் சொல்லிக் கேட்டது எதையும் கலக்காமல், ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.