இன்னொரு பாட்டில் அனுப்பவும்

கறுத்துப் போனதாலேயே எஞ்சின் ஆயில் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஐயா. கறுப்பு வெறும் கரி. கெட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கொஞ்சம் ஆயிலை எரித்தால், அந்த வெளிச்சத்தை வைத்து அதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று கருவி காட்டிவிடும். செம்பும் ஈயமும் ஏறினால் உள்ளே பேரிங் தேய்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மற்ற படகுகளின் ஆயில் பாட்டில்கள் கூரியரில் வரும். இழுவைப் படகின் பாட்டிலை மட்டும் அதன் மெக்கானிக்கே கொண்டுவருவான். ஓடுகிற எஞ்சினில் பிடித்து, துணியில் சுற்றி, சூடு ஆறுவதற்குள் ஓடிவருவான். சூடாகப் பிடித்தால் போதும், சூடாகக் கொண்டுவர வேண்டியதில்லை. அதை நான் அவனிடம் சொன்னதில்லை.

“அண்ணே, இருக்கீங்களா, இல்ல உங்களையும் பாட்டில்ல அடைச்சிட்டாங்களா?” என்றபடி நுழைவான். அந்த அந்நிய ஊரில் என்னிடம் தமிழ் பேசிய ஒரே ஆள். நான் போட்டுக் கொடுப்பதைக் குடித்துவிட்டு, “இது டீயா, சாம்பிளா?” என்பான்.

முதல் பாட்டிலிலேயே செம்பும் ஈயமும் ஏறியிருந்தன.

“கெட்டுப்போச்சுன்னு போட்டுடுங்கண்ணே,” என்றான். “எஞ்சின் சத்தமே சரியில்ல. நான் சொன்னா கம்பெனியில கேக்க மாட்டாங்க, உங்க பேப்பரைத்தான் நம்புவாங்க. படகை நிறுத்திட்டா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு பொறந்ததுலேருந்து போன்லதான் பாக்குறேன். அவ என்னை ஏதோ டிவியில வர்ற ஆளுன்னு நெனச்சிட்டிருக்கா.”

நான் சிரித்தேன். அவன் போனபின் ‘சந்தேகமாக உள்ளது, இன்னொரு பாட்டில் அனுப்பவும்’ என்று எழுதினேன். அதில் தப்பில்லை. ஒரே சோதனையை நம்பி முடிவு சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அடுத்த பாட்டிலில் இன்னும் ஏறியிருந்தது. அதற்கும் அதையே எழுதினேன். அதற்கடுத்ததற்கும்.

கடைசியாக வந்தபோது டீயைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

“இன்னுமா தெரியலண்ணே? கீழ இறங்கவே பயமா இருக்கு.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு, தம்பி. சூடா கொண்டா.”

அதைப் பிடிக்க இறங்கியபோதுதான் எஞ்சின் வெடித்தது. கீழே அவன் மட்டும்தான் இருந்தான்.

விபத்தை விசாரிக்க வந்த நீங்கள், எரிந்த எஞ்சினின் அடியில் மிஞ்சியிருந்த ஆயிலை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தீர்கள். சோதித்தேன். முதல் பாட்டில் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. ஆமாம் ஐயா, முதல் பாட்டிலே போதும். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

பிறகு ஏன் இதற்கும் ‘இன்னொரு பாட்டில் அனுப்பவும்’ என்று எழுதினீர்கள் என்று கேட்கிறீர்கள். கை தவறி எழுதவில்லை. அந்த எஞ்சினில் இனி ஒரு சொட்டுகூட இல்லை என்பதும் தெரியும். அன்றைக்கு நீங்கள் வாசலில் நின்று, “அண்ணே, உள்ள வரலாமா?” என்று தமிழில் கேட்டீர்கள். டீ போட்டு வைத்தேன். நீங்கள் குடிக்காமலே போய்விட்டீர்கள்.