பீச் மரத்துக்குக் குளிர் வேண்டும்

தொட்டியில் பீச் மரம் வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை ஐயா. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், அப்புறம் ஒரு குளிர்காலம். அந்தக் குளிர்தான் முக்கியம். அது போதாவிட்டால் அடுத்த வசந்தத்தில் ஒரு மொட்டுகூட விடாது. நான் நடந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் யாரோ கூப்பிடுவது போலவே இருக்கிறது.

நான் தச்சன். தொட்டியை நானே பலகை அடித்துச் செய்தேன். இடுப்பு முறிந்து படுத்துவிட்ட அக்கா, பார்த்துக்கொண்டாவது இருக்கட்டுமே என்று மரத்தை அவள் அறையில் வைத்தேன். பாசம் இல்லாதவன் வைப்பானா?

அக்கா நல்லவள்தான். ஆனால் வாய் ஓயாது. உளியைக் கையில் எடுத்தால், "தம்பி, தண்ணி." சாப்பிட உட்கார்ந்தால், "தம்பி, தலகாணிய நகத்து." அவள் படுத்த நாளிலிருந்து ஒரு நாற்காலிக்கு நாலு காலையும் சேர்ந்தாற்போல் நான் செதுக்கியதில்லை. எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அறையைக் கதகதப்பாக வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். வைத்தால் மரம் என்னாவது? ஹீட்டரை அணைத்தேன். சன்னலைத் திறந்தேன்.

"குளிருதுடா தம்பி. சன்னல மூடேன்."

"மரம் தூங்கணும்க்கா. இல்லன்னா பூக்காது."

"பூக்காட்டிப் போகுது. நான் செத்துருவேன்டா."

"நீ எல்லாத்துக்கும் இப்படித்தான் சொல்லுவ."

இன்னொரு போர்வை கேட்டாள். வீட்டில் இருந்த இன்னொன்றை ஏற்கெனவே தொட்டியைச் சுற்றிக் கட்டியிருந்தேன். கிளைக்குக் குளிர் படலாம், வேர் உறையக் கூடாது.

போகப் போக அவள் கூப்பிடுவது குறைந்தது. ஒரு நாற்காலியை ஒரே மூச்சில் முடித்தேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. நான்தான் உளியை வைத்துவிட்டு வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். மரத்துக்காகச் செய்தேன், வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மரத்தை வெளியே வைத்திருக்கலாமே என்கிறீர்கள். அக்காவும் அதையேதான் கேட்டாள். வைத்திருக்கலாம். தொட்டிக்கு அடியில் சக்கரம் பொருத்தியிருக்கிறேன், ஒரு விரலால் தள்ளினாலே வாசல்வரை உருளும். அறையைப் பெருக்கும்போது தினமும் வெளியே தள்ளுவேன். பெருக்கி முடித்ததும், மறக்காமல், அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுவேன்.